ஆலயக் கதவைத் திறக்கும் முன்

2020-ஆம் ஆண்டு மார்ச் 25. அன்று நம் நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. கடைகள் மூடின. ரயில்கள் நின்றன. பள்ளிக்கூடங்கள் பூட்டப்பட்டன. கோயில், மசூதி, குருத்வாரா, தேவாலயம் எல்லாம் மூடப்பட்டன. கொரோனா என்ற புதிய நோய்தான் காரணம்.

அந்த ஆண்டு புனித வெள்ளி ஏப்ரல் 10-இல் வந்தது. ஈஸ்டர் திருநாள் ஏப்ரல் 12-இல் வந்தது. ஆலயங்களில் மக்கள் இல்லை. பல ஊர்களில் போதகர் மட்டும் நின்று ஆராதனை நடத்தினார். மற்றவர்கள் வீட்டிலிருந்து தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் பார்த்தார்கள். கைப்பேசி இல்லாதவர்கள் அதையும் பார்க்கவில்லை.

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் கிறிஸ்தவர்கள் ஏறத்தாழ 2 கோடியே 78 லட்சம் பேர். நாகாலாந்து, மிசோரம், மேகாலயா மாநிலங்களில் அவர்களே பெரும்பான்மை. கேரளம், கோவா, தமிழ்நாடு, மும்பை என எங்கும் சபைகள் உண்டு. எல்லாச் சபைகளுக்கும் ஒரே கேள்வி எழுந்தது. மீண்டும் எப்போது கூடுவது? எப்படிக் கூடுவது?

அந்தக் கேள்விக்குச் சபைகள் எப்படி விடை தேடின? அதிலிருந்து நாம் என்ன கற்கலாம்? இதைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப் போகிறோம்.

அனுமதி வந்தது, ஆபத்து போகவில்லை

2020 ஜூன் 8 முதல் வழிபாட்டு இடங்களைத் திறக்கலாம் என்று மத்திய அரசு கூறியது. அதற்கு நான்கு நாள் முன்பே சுகாதார அமைச்சகம் விதிமுறைகளை வெளியிட்டது. நோய் மிகுந்த கட்டுப்பாட்டுப் பகுதிகளில் மட்டும் திறக்கக் கூடாது என்று சொன்னது. இறுதி முடிவை மாநில அரசுகள் எடுத்தன.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஊரடங்கு தொடங்கிய நாளில் நாட்டில் நோய் கண்டவர்கள் சுமார் 600 பேர். ஜூன் 8 அன்று அந்த எண்ணிக்கை இரண்டரை லட்சத்தைத் தாண்டியிருந்தது. அதாவது மூடியபோது இருந்த நோயைவிடத் திறந்தபோது இருந்த நோய் பல மடங்கு அதிகம்.

எனவே, அனுமதி கிடைத்தது என்பதற்கு ஆபத்து நீங்கிவிட்டது என்று பொருள் இல்லை. இனி முடிவும் பொறுப்பும் உங்களுடையது என்றுதான் பொருள்.

கேரளத்தில் ஜூன் 9 முதல் திறக்க மாநில அரசு அனுமதித்தது. ஒரே நேரத்தில் 100 பேருக்கு மேல் கூடக் கூடாது என்றது. ஆனாலும் அங்கே பல சபைகள் உடனே திறக்கவில்லை. நோய் ஏறிக்கொண்டிருந்ததால் இன்னும் பொறுப்போம் என்று முடிவு செய்தன. மகாராஷ்டிரத்தில் வேறு நிலை. அங்கே வழிபாட்டு இடங்கள் 2020 நவம்பர் 16 அன்றுதான் திறந்தன. 2021 ஏப்ரலில் இரண்டாம் அலை வந்தபோது மறுபடி மூடின. 2021 அக்டோபர் 7 அன்று மீண்டும் திறந்தன.

ஒரே நாடு, ஒரே நோய். ஆனால் ஊருக்கு ஊர் நிலைமை வேறு. அதனால் ஒவ்வொரு சபையும் தன் ஊர் நிலைமையைப் பார்த்துத் திட்டமிட வேண்டியிருந்தது.

நோய் எப்படிப் பரவுகிறது?

திட்டம் போட வேண்டுமானால் நோய் பரவும் வழி தெரிய வேண்டும்.

நாம் பேசும்போது வாயிலிருந்து நீர்த்துளிகள் வெளியே வருகின்றன. பெரிய துளிகள் சில அடி தூரத்துக்குள் தரையில் விழுந்துவிடும். மிகச் சிறிய துளிகள் விழாது. ஊதுபத்திப் புகை போலக் காற்றில் மிதக்கும். காற்றோட்டம் இல்லாத அறையில் நெடுநேரம் அப்படியே நிற்கும். நோயாளியின் வாயிலிருந்து வரும் துளியில் நோய்க்கிருமி இருக்கும். மற்றவர்கள் அந்தக் காற்றைச் சுவாசித்தால் நோய் தொற்றும்.

மெதுவாகப் பேசினால் குறைந்த துளிகள் வரும். உரக்கப் பேசினால் அதிகம் வரும். உரக்கப் பாடினாலும் அப்படித்தான்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் நடந்ததைக் கேளுங்கள். 2020 மார்ச் 10 அன்று அங்கே ஒரு பாடகர் குழு பயிற்சிக்குக் கூடியது. வந்தவர்கள் 61 பேர். இரண்டரை மணி நேரம் பயிற்சி நடந்தது. வந்தவர்களில் ஒருவருக்குச் சளி போன்ற தொல்லை இருந்தது. அது கொரோனா என்று அப்போது தெரியாது. அந்த ஒருவரோடு சேர்த்து மொத்தம் 53 பேர் நோயுற்றனர். இரண்டு பேர் இறந்தனர்.

61 பேரில் 53 பேர்! அவர்கள் பாடுவதற்காகக் கூடியவர்கள். தவறு எதுவும் செய்யவில்லை. மூடிய கூடம், நெருக்கமான இருக்கை, நீண்ட நேரம், உரத்த பாட்டு. இந்த நான்கும் சேர்ந்ததுதான் ஆபத்து.

நம் ஆலயங்களை நினைத்துப் பாருங்கள். ஞாயிறு ஆராதனையிலும் இந்த நான்கும் உண்டு அல்லவா? அதனால்தான் சுகாதார அமைச்சகத்தின் விதிமுறையில் பாடகர் குழுவே கூடாது என்று எழுதப்பட்டிருந்தது. பதிவு செய்த பாடலை ஒலிக்கச் செய்யலாம் என்று சொல்லப்பட்டது.

முதலில் எல்லோரும் கதவுப் பிடியையும் பெஞ்சையும் துடைப்பதில்தான் அதிகக் கவனம் வைத்தார்கள். பொருள்களைத் தொட்டு நோய் தொற்றுவது குறைவு என்றும், காற்றின் வழியே தொற்றுவதே அதிகம் என்றும் பின்னர் தெளிவாயிற்று. கை கழுவுவது நல்ல பழக்கம். வேறு பல நோய்களையும் அது தடுக்கும். ஆனால் பெஞ்சைத் துடைத்துவிட்டு ஜன்னலை மூடி வைத்தால் பயன் இல்லை.

யார் முடிவு செய்வது?

போதகர் ஒருவரே முடிவு செய்தால் பழி அவர்மேல் விழும். எல்லோரும் சேர்ந்து கத்தினால் முடிவே வராது. அதனால் ஒரு சிறு குழு அமைப்பது நல்லது. ஐந்து அல்லது ஆறு பேர் போதும்.

குழுவில் யார் இருக்கலாம்? போதகர் அல்லது பங்குத்தந்தை ஒருவர். சபையில் செவிலியரோ கிராம சுகாதார ஊழியரோ இருந்தால் அவர். முதியவர் ஒருவர். இளைஞர் ஒருவர். தினக்கூலி வேலைக்குப் போகும் ஒருவர். ஆலயத்தைப் பெருக்கித் துடைத்து மணி அடிக்கும் பணியாளர் ஒருவர்.

பணியாளர் எதற்கு என்று கேட்கலாம். எந்த ஜன்னல் திறக்கும், எந்த ஜன்னல் துருப்பிடித்து மாட்டிக்கொண்டது என்று அவருக்குத்தான் தெரியும். குழாயில் தண்ணீர் வருமா என்றும் அவருக்குத்தான் தெரியும். புதிய வேலைகள் எல்லாம் அவர் தலையில்தான் விழும். அவரைக் கேட்காமல் திட்டம் போடுவது நியாயமும் இல்லை.

குழு பேச வேண்டிய இன்னொரு விஷயம் பணம். ஆலயம் மூடியிருந்தால் காணிக்கை குறையும். மின்கட்டணமும் பணியாளர் சம்பளமும் நிற்காது. பணக்கஷ்டம் இருந்தால் அதை வெளிப்படையாகப் பேச வேண்டும். சம்பளத்துக்கு வேறு வழி தேட வேண்டும். பணத்துக்காகக் கதவைத் திறந்துவிட்டு, வேறு காரணம் சொல்வது சபைக்கு நல்லதல்ல.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஒரு சபையைக் கற்பனை செய்துகொள்வோம். அதில் 120 பேர். ஆலயத்தில் இடப்பக்கம் 10 பெஞ்சு, வலப்பக்கம் 10 பெஞ்சு. மொத்தம் 20. ஒரு பெஞ்சின் நீளம் 9 அடி. ஒரு பெஞ்சில் வழக்கமாக 6 பேர் உட்காருவார்கள். நடுவில் 6 அடி நடைவழி.

20 பெஞ்சு × 6 பேர் = 120 பேர். ஆலயம் நிறைந்துவிடும்.

இப்போது ஆளுக்கு ஆள் 6 அடி இடைவெளி வேண்டும். முன்பெஞ்சுக்கும் பின்பெஞ்சுக்கும் நடுவே 3 அடிதான். எனவே ஒன்று விட்டு ஒன்றில்தான் உட்கார முடியும். 20 பெஞ்சில் 10 பெஞ்சு மட்டும் பயன்படும். 9 அடி பெஞ்சில் இந்த ஓரம் ஒருவர், அந்த ஓரம் ஒருவர். இரண்டு பேர்தான்.

10 பெஞ்சு × 2 பேர் = 20 பேர்.

பார்த்தீர்களா? 120 பேர் இருந்த இடத்தில் 20 பேர்தான் இருக்கலாம். ஆறில் ஒரு பங்கு.

65 வயதுக்கு மேற்பட்டவர்கள், 10 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், சர்க்கரை நோய், இதய நோய் போன்றவை உள்ளவர்கள் வீட்டிலேயே இருப்பது நல்லது என்று விதிமுறை கூறியது. நம் சபையில் அவர்கள் 40 பேர் என்று வைத்துக்கொள்வோம்.

120 − 40 = 80 பேர்.

80 ÷ 20 = 4 ஆராதனைகள்.

ஞாயிறன்று ஒரே போதகர் நான்கு ஆராதனை நடத்துவது சிரமம். இரண்டு நடத்தலாம். காலை 7 மணிக்கு ஒன்று. 9 மணிக்கு ஒன்று. ஒவ்வொன்றும் 45 நிமிடம். நடுவில் ஒரு மணிக்கு மேல் ஜன்னல்கள் திறந்தே கிடக்கும். பழைய காற்று வெளியேறும். முதலில் வந்தவர்களும் பின்னால் வருபவர்களும் வாசலில் முட்டிக்கொள்ள மாட்டார்கள்.

ஒரு ஞாயிறுக்கு 40 பேர். அப்படியானால் 80 பேருக்கும் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இடம் கிடைக்கும்.

இந்தக் கணக்கைச் சபையார் எல்லோர் முன்னிலையிலும் போட வேண்டும். "எனக்கு ஏன் இந்த வாரம் இடம் இல்லை?" என்று கேட்பவருக்கு அந்தக் கணக்கே பதில் சொல்லும். பெயர் வரிசையில் முறை வைக்க வேண்டும். பெரிய காணிக்கை கொடுப்பவருக்கு வாரா வாரம் இடம், கூலி வேலை செய்பவருக்கு மாதம் ஒரு முறை என்று இருக்கக் கூடாது.

உங்கள் ஆலயத்தின் அளவு வேறாக இருக்கும். ஒரு கயிற்றில் 6 அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு நீங்களே அளந்து பாருங்கள்.

வாசல் முதல் பீடம் வரை

ஆலயத்துக்கு ஒருவர் வருகிறார். வாசலிலிருந்து அவர் கூடவே நடந்து பார்ப்போம். எங்கெங்கே நெருக்கம் வருகிறது?

வாசல்: உள்ளே வர ஒரு கதவு, வெளியே போக ஒரு கதவு. வாசலில் தண்ணீரும் சோப்பும். 40 முதல் 60 விநாடி வரை கை கழுவ வேண்டும். காய்ச்சல், இருமல் உள்ளவரை அன்போடு திருப்பி அனுப்ப வேண்டும். மூக்கும் வாயும் மூடும்படி முகக்கவசம் வேண்டும். முகக்கவசம் இல்லாத ஏழைக்குச் சபையே ஒன்று கொடுக்க வேண்டும்.

பதிவேடு: வருபவர் பெயர், ஊர், கைப்பேசி எண், உட்கார்ந்த பெஞ்சு எண் ஆகியவற்றை எழுத வேண்டும். பின்னர் ஒருவருக்கு நோய் என்று தெரிந்தால், அருகில் இருந்தவர்களுக்கு உடனே சொல்லலாம். இதை எழுதப் பெரிய படிப்பு வேண்டாம். புதிதாக எழுதக் கற்றவர்களே இந்த வேலையை ஏற்கலாம். பதிவேடு ஒருவர் பொறுப்பில் மட்டும் இருக்க வேண்டும். ஒரு மாதம் கழித்துத் தாள்களை அழித்துவிட வேண்டும்.

காற்று: எதிரெதிர் ஜன்னல்களையும் கதவுகளையும் திறந்து வைக்க வேண்டும். ஒரு பக்கம் வந்த காற்று மறுபக்கம் போக வேண்டும். மின்விசிறி உள்ளே இருக்கும் காற்றையே சுழற்றும். ஜன்னல் திறந்திருந்தால்தான் அதனால் பயன். ஆலயத்துக்கு வெளியே மரநிழல் இருந்தால் இன்னும் நல்லது. அங்கேயே ஆராதனை நடத்தலாம்.

காணிக்கை: பை கைமாறிப் போக வேண்டாம். வாசலில் ஒரு பெட்டி வைத்தால் போதும்.

திருவிருந்து: பல சபைகளில் எல்லோரும் ஒரே கிண்ணத்தில் அருந்துவது வழக்கம். அதை நிறுத்தி வைக்கலாம். தனித்தனிச் சிறு கிண்ணங்களில் கொடுக்கலாம். அப்பத்தை நாவில் வைக்காமல் கையில் கொடுக்கலாம். எந்த மாற்றம் சரி என்பதை அந்தந்தத் திருச்சபையின் ஆயர் சொல்வார். அவரிடம் கேட்டுச் செய்வதே முறை.

வாழ்த்து: கை குலுக்க வேண்டாம். நமக்குத்தான் வணக்கம் இருக்கிறதே! கைகூப்பி வாழ்த்தலாம்.

வெளியே போகும்போது: பின்பெஞ்சுக்காரர்கள் முதலில் போகட்டும். ஆராதனை முடிந்ததும் வாசலில் கூட்டமாக நின்று பேசுவதே நம் பழக்கம். உள்ளே 6 அடி விட்டு உட்கார்ந்துவிட்டு, வெளியே தோளோடு தோள் உரசி நின்றால் எல்லாம் வீண்.

அறிவிப்புகளைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்ட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காகப் படமும் வரைய வேண்டும்.

வர முடியாதவர்கள்

திட்டத்தில் கடினமான பகுதி இதுதான்.

ஒரு பாட்டி கேட்கலாம்: "தம்பி, நாற்பது வருஷமா ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் வந்தேன். இப்போ என்னை மட்டும் வரவேண்டாம்னு சொல்றீங்களே, நான் என்ன தப்புப் பண்ணினேன்?"

இந்தக் கேள்வியை லேசாக எண்ணக் கூடாது. கணவர் இறந்து, பிள்ளைகள் வெளியூர் போய், தனியாக இருப்பவருக்கு ஆலயம்தான் உறவு. வாரத்தில் ஒரு நாள் நாலு பேர் முகத்தைப் பார்க்க அதுதான் வழி. தனிமையும் உடம்பைக் கெடுக்கும். ஆனால் கொரோனா அதிகமாகக் கொன்றது முதியவர்களைத்தான். இரண்டுமே உண்மை.

என்ன செய்யலாம்? வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பக் கூடாது. முன்கூட்டியே வீட்டுக்குப் போய், திண்ணையில் தள்ளி உட்கார்ந்து விளக்க வேண்டும். "பாட்டி, உங்களைத் தள்ளி வைக்கவில்லை. உங்களைக் காப்பாற்றத்தான் சொல்கிறோம்" என்று சொல்ல வேண்டும். சொன்னதோடு விடக் கூடாது. வாரம் ஒரு முறை யார் அவரைப் பார்க்கப் போவார் என்று பெயரோடு எழுதி வைக்க வேண்டும். மருந்து வேண்டுமா, அரிசி இருக்கிறதா என்று கேட்க வேண்டும். முற்றத்தில் இரண்டு மூன்று பேர் நின்று ஜெபிக்கலாம்.

2021 ஜனவரி 16 அன்று இந்தியாவில் தடுப்பூசி தொடங்கியது. முதலில் சுகாதாரப் பணியாளர்களுக்குப் போட்டார்கள். மார்ச் 1 முதல் 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் போட்டார்கள். அதன்பின் முதியவர்கள் ஆலயம் வருவது பற்றி மறுபடி யோசிக்க முடிந்தது. தடுப்பூசி போட்டாலும் நோய் வரலாம். ஆனால் நோய் கடுமையாகி உயிர் போகும் ஆபத்து வெகுவாகக் குறையும். பாட்டியை ஊசி போடும் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போவதும் சபை செய்யக்கூடிய தொண்டுதான்.

மறுபடி மூட வேண்டி வந்தால்?

திறக்கத் திட்டமிடும்போதே மூடவும் திட்டமிட வேண்டும்.

2021 தொடக்கத்தில் நோய் குறைந்திருந்தது. எல்லாம் முடிந்தது என்று பலர் நினைத்தார்கள். முகக்கவசம் கழன்றது. கூட்டங்கள் கூடின. ஏப்ரல், மே மாதங்களில் இரண்டாம் அலை வந்தது. மே மாதத் தொடக்கத்தில் ஒரே நாளில் 4 லட்சத்துக்கு மேற்பட்டோருக்கு நோய் உறுதியானது. ஆக்சிஜன் இல்லாமல் மக்கள் தவித்தார்கள்.

ஆகவே, என்ன நடந்தால் ஆராதனையை நிறுத்துவோம் என்று முதலிலேயே எழுதி வைக்க வேண்டும். நம் தெருவைக் கட்டுப்பாட்டுப் பகுதியாக அறிவித்தால் நிறுத்துவோம். ஆராதனைக்கு வந்தவருக்கு நோய் என்று தெரிந்தால் இரண்டு வாரம் நிறுத்துவோம். இப்படி எழுதியிருந்தால் அந்த நேரத்தில் சண்டை வராது.

இன்னொன்று. நோய் வந்தவர் குற்றவாளி அல்ல. "அவரால்தான் வந்தது" என்று விரல் நீட்டினால், அடுத்த முறை காய்ச்சல் வந்தவர் மறைப்பார். மறைத்துக்கொண்டு ஆலயத்துக்கும் வருவார். நோய்க்கு அதைவிட வசதி வேறு இல்லை.

இன்றைக்கு இது எதற்கு?

கொரோனா இனி உலக அவசரநிலை அல்ல என்று 2023 மே 5 அன்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆலயங்கள் திறந்துவிட்டன. பாடகர் குழுக்கள் பாடுகின்றன. பிறகு ஏன் இந்தத் திட்டம்?

காற்றில் பரவும் நோய் கொரோனா மட்டும் அல்ல. காசநோயும் காற்றில்தான் பரவுகிறது. உலகின் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். தட்டம்மையும் காற்றில் பரவுகிறது. திறந்த ஜன்னல் இவை எல்லாவற்றுக்கும் பகை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருப்பவர் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அரசு மருத்துவமனையில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். இதை ஆராதனை அறிவிப்பில் ஒரு நிமிடம் சொல்லலாம்.

ஆலயத்துக்குச் சொன்னது கோயிலுக்கும் மசூதிக்கும் பொருந்தும். திருமண மண்டபத்துக்கும் பொருந்தும். நாம் கூடிப் படிக்கும் கல்வி மையத்துக்கும் பொருந்தும்.

அந்த நாளில் போட்ட திட்டத் தாளை எறிந்துவிடாதீர்கள். ஆலய அலமாரியில் பத்திரமாக வையுங்கள். அளந்த கணக்கும், வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டியவர்களின் பட்டியலும் மீண்டும் உதவும். அந்தப் பட்டியலுக்கு மட்டும் நோய்க்காலம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

கலந்து பேசுங்கள்

1. நீங்கள் கூடும் இடத்தில் எத்தனை ஜன்னல்கள் உள்ளன? எத்தனை ஜன்னல்கள் திறக்கும்?

2. உங்கள் கூடத்தில் 6 அடி இடைவெளி விட்டால் எத்தனை பேர் உட்காரலாம்? அளந்து கணக்கிடுங்கள்.

3. மூடிய கூடம், நெருக்கம், நீண்ட நேரம், உரத்த குரல். இவற்றில் எதை உங்கள் ஊரில் எளிதாக மாற்றலாம்?

4. உங்கள் தெருவில் தனியாக வாழும் முதியவர்கள் யார்? கடைசியாக அவர்களைப் போய்ப் பார்த்தது எப்போது?